முதல் தேர்வில் லைன்பேக்கரை எடுத்த லைல் குபிட்ஸின் வீரப் பிரதாபம்

ஏரிக்காற்று உச்சிமயிரைக் கவர்ந்து சென்ற காலந்தொட்டுப் பச்சைக் கம்பளிக் குல்லாயைக் கழற்றாத மணிமுடித் தலையோனே. பள்ளிப் பேருந்துகளின் அடிவயிற்றின் கீழ் மல்லாந்து கிடந்து நாள்தோறும் எண்ணெய்முழுக்குக் கொள்ளும் திருமேனியோனே. பதினோர் ஆண்டு எண்மர் குழாத்துள் நின்று பொருது, பதினொரு முறையும் வாகை சூடாமல் மண்ணைக் கவ்வி, கவ்விய மண் ருசியாய் இருந்ததென்று சொல்லும் நெஞ்சுரத்தோனே. ஷெபாய்கன் மாநகரத்து லைல் குபிட்ஸே, வாழி நீ, வாழி நின் குல்லாய், வாழி நின் கணக்கு நோட்டு.

இந்தக் காதையைப் பாடத் துணைநிற்கச் சொல்லித் தேவர்களைக் கூப்பிடலாம்தான். ஆனால் அவர்களுக்கு இந்த ஆட்டத்தின் விதிகள் தெரியாது. இருபத்திரண்டு குளிர்காலம் இவ்வூரில் பனி தள்ளிய எனக்கே பாதிதான் தெரியும். எனவே நானே சொல்கிறேன், கேளுங்கள்.

எண்மர் இருந்தனர். அவர்களில் ஒருவராலும் நிலவறைப் படி ஏறிவந்து மூச்சிரைக்காமல் தன் பெயரைச் சொல்ல இயலாது. ஆயினும் ஆண்டுதோறும் செப்டம்பர் தொடக்கத்தில் வரும் தொழிலாளர் தின விடுமுறைக்கு முந்தின ஞாயிறு நண்பகலில், இரும்பு அடுப்பில் ப்ராட்வர்ஸ்ட் தொத்திறைச்சி சீறிப் புகைய, பனிக்கட்டிப் பெட்டியில் பீர் பாட்டில்கள் துயில, கிரெய்க் ஹாஃப்ஷில்ட்டின் கராஜில் அவர்கள் கூடுவார்கள். கூடி, அமெரிக்க நாடெங்கும் பந்தைக் கையில் அணைத்தோடி முட்டிமோதும் ஃபுட்பாலைத் தொழிலாக ஆடும் மெய்யான மல்லர்களை முறைவைத்து ஆளுக்கொருவராய்ப் பொறுக்கித் தத்தம் காகிதப் படையில் சேர்த்துக்கொள்வார்கள். மல்லர்களுக்கு இந்தச் செய்தி தெரியாது. தெரிந்தால் சிரிப்பார்கள். ஞாயிறுதோறும் மைதானத்தில் அவர்கள் எலும்பு நொறுங்க ஆடுவதற்கெல்லாம் இங்கே சோஃபாவில் கிடக்கும் இந்தத் தளபதிகளுக்குப் புள்ளி விழும். பருவம் முடியும்போது எவன் புள்ளி எல்லாரிலும் குறைவோ அவன் தோற்றவன்.

தோற்றவனுக்கு உண்டு ஒரு விருது. கிரெய்க்கின் தாயார் வீட்டுக் குளியலறையை இடித்தபோது பெயர்த்தெடுத்த இளஞ்சிவப்புப் பீங்கான் கழிப்பறைக் கோப்பை அது. மூடியும் உண்டு, நீர்த்தொட்டியும் உண்டு. அடுத்து எவன் தோற்கிறானோ அவன் வந்து தூக்கிப்போகும் நாள்வரை அது தோற்றவன் வீட்டு முன்புல்வெளியில், தெருவைப் பார்த்தபடி, கொலுவிருக்க வேண்டும். மறைக்கக் கூடாது, துணி போர்த்தக் கூடாது, வேனிலில் அதனுள் பூச்செடி வைக்க வேண்டும். அதுதான் சட்டம். சட்டத்தை மீறியவன் குழுவை விட்டு நீக்கப்படுவான். குழுவை விட்டு நீங்கிய ஆண்மகன் ஷெபாய்கனில் ஞாயிற்றுக்கிழமையை எப்படிக் கழிப்பான் என்பது எவருக்கும் தெரியாது. கழித்தவன் எவனும் இல்லை.

காதை தொடங்கும் அந்த ஆண்டில் கோப்பை நின்றது லைல் வீட்டு வாசலில். அதனுள் பெட்யூனியா பூத்திருந்தது.

லைலின் மனையாள் மர்லீன், பொறுமையில் பூமியை வென்றவள், அதைச் சனவரி முதல் பொறுத்திருந்தாள். தபால்காரர் அதைப் பார்த்துச் சிரித்ததைப் பொறுத்தாள். தேவாலயத்துப் பெண்கள் பார்த்தும் பார்க்காத மாதிரி போனதை, அது சிரிப்பைவிட மோசம் என்றாலும், பொறுத்தாள். ஆனால் அடுத்த சூனில் மகள் ஆட்ரி பள்ளிப்படிப்பு முடிக்கிறாள். அன்று முற்றத்தில் கூடாரம் போட்டு ஊரைக் கூட்டி விருந்து வைப்பது இங்குள்ள எல்லாருக்கும் கல்யாணத்துக்கு அடுத்தபடி. அந்த விருந்தை ஆட்ரி பிறந்த நாளிலிருந்து மனத்துக்குள் நடத்திவந்தவள் மர்லீன். ஆகவே தேர்வு நாள் காலையில், கையில் நோட்டுடன் படியிறங்கிய வீரனை வழிமறித்து அவள் சொன்னாள்.

"லைல், ஒண்ணே ஒண்ணு சொல்றேன், நல்லா கேட்டுக்கோ. அந்தக் கக்கூஸ் நிக்கிற வாசல்ல என் பொண்ணு விருந்து நடக்காது."

"நடக்கும். அது இருக்காது."

"இதேதான் போன வருஷமும் சொன்னே."

"போன வருஷம் என்கிட்ட யோசனை இல்ல. இந்த வருஷம் இருக்கு."

மர்லீன் நோட்டைப் பார்த்தாள், கணவனைப் பார்த்தாள், பிறகு பாத்திரம் கழுவப் போய்விட்டாள். யோசனையுள்ள லைலைவிட யோசனையில்லாத லைல் மேல் என்று அவளுக்குப் பதினெட்டு வருட அனுபவம் உண்டு.

அந்த யோசனை யாதெனின், இது. களத்தின் முன்வரிசையில் யானைகளைப் போல் முட்டிக்கொள்ளும் தடியர்களுக்குப் பின்னே சில காவலர்கள் நிற்பார்கள். லைன்பேக்கர் என்று பெயர். பந்தை அணைத்துக்கொண்டு எவன் வரிசையைப் பிளந்து வந்தாலும் அவனைப் பிடித்துத் தரையில் சாய்ப்பது அவர்கள் வேலை. இந்தக் குழுவில் ஒரு சாய்ப்புக்கு இரண்டு புள்ளி. உலகத்தார் எல்லாரும் பந்தேந்தி ஓடும் வேகக்காரர்களை முதலில் எடுத்துக்கொண்டு, லைன்பேக்கரைக் கடைசிச் சுற்றில், ப்ராட்வர்ஸ்ட் தீர்ந்த பிறகு, போனால் போகிறதென்று எடுப்பார்கள். அது மடமை என்று பேருந்து ஒன்றின் அடியில் படுத்திருந்தபோது லைலுக்கு ஞானம் பிறந்தது. ஓடுகிறவன் முட்டி அக்டோபருக்குள் கழன்றுவிடும். சாய்க்கிறவனோ வாரம் தவறாமல் சாய்ப்பான். எனவே லைன்பேக்கரை முதலில் எடு. எவனும் எடுக்குமுன் எடு. இந்த ஒரு வரியை நிறுவ அவன் குளிர்காலம் முழுக்க நூற்றுத்தொண்ணூறு பக்கம் எழுதினான். பெருக்கல் பல இடங்களில் சரியாகவே இருந்தது.

கராஜ் நிறைந்தது. சுவரில் ஆளுயரப் பலகை மாட்டியிருந்தது. வீரர்களின் பெயர் அச்சிட்ட ஸ்டிக்கர்கள் மேசையில் பரந்து கிடந்தன. எடுத்தவன் தானே உரித்துத் தானே ஒட்ட வேண்டும். ஒட்டிய ஸ்டிக்கரைப் பிய்க்க மூவுலகிலும் எவருக்கும் உரிமையில்லை. மருந்துக்கடை நடத்தும் டூ வாங், இந்தக் குழுவின் பொறுப்பாளர், நீதியில் வழுவாதவர், நாற்காலியில் ஏறி நின்று முறைவரிசை படித்தார். கடந்த ஆண்டு தோற்றவனுக்கே முதல் தேர்வு. கருணை என்று அதற்குப் பெயர். உண்மையில் ஏளனம்.

எழுந்தான் லைல். குல்லாயைச் சரிசெய்தான். எதிரில் அவ்வாண்டின் ஓட்டக்காரர்களில் முதல்வன், மின்னலுக்கே வழி சொல்லும் காலுடையவன், யார் கையில் சேர்வேனோ என்று ஸ்டிக்கர் வடிவில் காத்துக் கிடந்தான். அவனைக் கடந்து சென்றது லைலின் கை. அடுத்தவனையும் கடந்தது. ஏழு பேரும் ப்ராட்வர்ஸ்டை மென்றபடி பார்க்க, மேசையின் கடைக்கோடியில், எவனும் இன்னும் பிரித்துக்கூடப் பார்க்காத தாளிலிருந்து, ஓபடையா டில்மன் என்ற பெயரை உரித்தெடுத்துப் பலகையின் முதல் கட்டத்தில் அறைந்து ஒட்டினான். தெற்கத்தி அணி ஒன்றின் தலைவன் அந்த டில்மன்; லைன்பேக்கர்.

மெல்லுதல் நின்றது. பிறகு சிரிப்பு எழுந்தது. அது கராஜ் கதவைக் குலுக்கி, பக்கத்து வீட்டு நாயை எழுப்பி, ஏரிவரை போய்த் திரும்பியது. கிரெய்க்குக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. கிரெய்க் யார் எனில், மர்லீனின் அக்காள் டெனிஸை மணந்தவன், லைலுக்குச் சகலை. அவன் புல்வெளி நகரிலேயே மிகச் சீரானது. அதை அவனே சொல்வான்.

"சகலை, தாளு மாறிப்போச்சு போல. கண்ணாடி போட்டுட்டு வந்து பாரு."

அப்போது லைல் திருவாய் மலர்ந்தான்.

"நல்லா சிரிங்கடா. ஓடுறவன் முட்டி ஒடையும். சாய்க்கிறவன் சாய்ச்சுக்கிட்டே இருப்பான். சனவரில எவன் வாசல்ல அந்தப் பீங்கான் நிக்குதுன்னு பார்ப்போம்."

"டேய், சாய்க்கிறவன் சாய்ப்பான், யாரு இல்லேன்னா? ஆனா எல்லா லைன்பேக்கரும் சாய்ப்பான். உன் ஆளு வாரத்துக்குப் பத்து பேரைச் சாய்ச்சா, இந்தத் தாள்ல கடைசியா கிடக்கிறவன் ஒன்பது பேரைச் சாய்ப்பான். அந்த ஒரு ஆளுக்காகவா முதல் தேர்வைக் கொளுத்தினே?"

"டில்மன் மாதிரி இன்னொருத்தன் பொறக்கல."

"பொறந்து சும்மா திரியறான். நமக்கு அவன் பேரு தெரியல, அவ்வளவுதான்."

இந்த வாதத்தில் கிரெய்க் சொன்னதில் பிழையில்லை. இதை எண்மரில் எழுவர் அறிவர், நானும் அறிவேன், ப்ராட்வர்ஸ்ட் புரட்டிய டெனிஸும் அறிவாள். ஆனால் ஞானம் பிறந்துவிட்ட மனிதனிடம் கணக்குச் சொல்லி ஆவதென்ன. லைல் மார்பை நிமிர்த்தி உட்கார்ந்தான். இரண்டாம் சுற்று கடைசி ஆளிடமிருந்து தலைகீழாய்த் திரும்புவதால், அவன் முறை மறுபடி வர மேலும் பதினான்கு பெயர்கள் போக வேண்டியிருந்தது. அதற்குள் நல்ல ஓட்டக்காரர்கள் எல்லாரும் வரிசையாய்ப் பிறர் கட்டத்தில் ஏறினார்கள். மின்னற்காலனைக் கிரெய்க் எடுத்தான். அவன் ஸ்டிக்கரைத் தடவிக்கொடுத்ததை நான் என் கண்ணால் கண்டேன்.

இத்தோடு நின்றிருந்தால் லைல் வெறும் மூடன். ஆனால் காவிய நாயகனாவதற்கு இன்னும் ஒரு படி தேவையல்லவா. அதையும் அவனே ஏறினான்.

பருவம் பதினெட்டு வாரம். விவரம் தெரிந்த குழுக்கள் பதினேழோடு கணக்கை மூடிவிடும். அதற்கொரு காரணம் உண்டு, அது ஊரறிந்தது. லைலும் அறிவான். ஆயினும் எழுந்து நின்று, பதினெட்டாம் வாரத்தையும் சேர்க்க வேண்டுமென்று முழங்கினான்.

டூ வாங் கண்ணாடியைக் கழற்றினார். "அண்ணே, எதுக்கு அது? கடைசி வாரம் பாதிப் பேரு ஆடவே மாட்டான்."

"டில்மன் ஆடுவான். அவன் ஒம்பது வருஷமா ஒரு ஆட்டம் விட்டதில்ல. எனக்கு ஒரு வாரம் கூடக் கிடைக்கும், இருபது புள்ளி. எழுதுங்க."

கை தூக்கச் சொன்னார்கள். எட்டுக் கையும் உயர்ந்தன. முட்டாள்தனமான கோரிக்கையை ஒருமனதாய் நிறைவேற்றுவதில் இவர்களுக்கு நிகர் இல்லை.

படை புறப்பட்டது. செப்டம்பர் வந்தது. பருவத்தின் மூன்றாம் வாரம், முழுவெயிலில், எவனும் தொடாமலே, தான் திரும்பிய திசையில் தானே திரும்பி, கிரெய்க்கின் மின்னற்காலன் முட்டி கழன்று வீழ்ந்தான். அன்று லைல் வீட்டிலிருந்து எழுந்த முழக்கம் போரில் வென்ற மன்னர் எழுப்புவது போன்றது. மாற்றான் ஒருவனின் முட்டிக்காக ஒரு குடும்பத்தலைவன் இப்படி மகிழலாமா என்று கேட்காதீர்கள். இவர்கள் மகிழ்வார்கள். லைல் தேவாலயத்திலும் மகிழ்ந்தான். பிரார்த்தனை நேரத்தில் கிரெய்க் பக்கம் சாய்ந்து, "முட்டி எப்படி இருக்கு, சகலை?" என்று விசாரித்தான்.

டில்மனோ சாய்த்தான். பத்துப் பேர், ஒன்பது பேர், பன்னிரண்டு பேர் என்று வாரந்தோறும் சாய்த்தான். மழையில் சாய்த்தான், பனியில் சாய்த்தான். லைலின் மற்ற வீரர்கள், பதினாறாம் தேர்விலிருந்து மிச்சம் மீதியாய்க் கிடைத்த நொண்டிகளும் முதியவர்களும், எதையும் செய்யவில்லை. ஆகவே முதல் தேர்வு தவறாது பொழிந்தும் லைல் கடைசிக்கு முந்திய இடத்தில்தான் நின்றான். அவனுக்குக் கீழே, முட்டியிழந்த படையுடன், கிரெய்க். மேலே இருந்த ஆறு பேரும் கைக்கெட்டாத உயரத்தில் இருந்தார்கள்; அவர்களை விட்டுவிடலாம்.

பதினேழு வாரம் கழிந்தபோது லைல் கிரெய்க்கைவிட இருபத்தோரு புள்ளி மேலே. பிற குழுக்களில் அன்றோடு எல்லாம் முடிந்திருக்கும். கோப்பை கிரெய்க்கின் சீரான புல்வெளிக்குப் பல்லக்கில் போயிருக்கும். ஆனால் இங்கே பதினெட்டாம் வாரம் உண்டு. யார் கேட்டு வாங்கியது என்பதை நான் திரும்பச் சொல்லப்போவதில்லை.

அந்த வாரம் புதன்கிழமை ஒரு செய்தி வந்தது. டில்மனின் அணி முன்பே வென்றுவிட்டது. அடுத்த சுற்றுப் போட்டிகளில் அதன் இடம் உறுதி. இனி இந்த ஓர் ஆட்டத்தில் தோற்றாலும் நட்டமில்லை. ஆகவே விலையுயர்ந்த வீரர்களை உட்கார வைத்து ஓய்வு கொடுக்கக்கூடும் என்று பேச்சு. ஒவ்வொரு சனவரியும் எல்லா ஊரிலும் நடப்பது இது. பயிற்சியாளர் மட்டும், "எல்லாரும் தயாரா இருக்காங்க" என்று சொல்லிவைத்தார். அவர் அப்படித்தான் சொல்வார்.

ஞாயிறு நண்பகல். கிரெய்க் லைல் வீட்டுக்கு வந்தான். வரும் வழியில் பனி மூடிய கோப்பையைத் தாண்டித்தான் வந்தான், அதன் தொட்டிமேல் ஒரு தட்டும் தட்டினான். இரு படையிலும் மற்ற வீரர்கள் எல்லாரும் முந்தின நாள் ஆடி முடித்துவிட்டார்கள். இருவரும் சமமாய்ச் சேர்த்ததில் இருபத்தொன்று இருபத்தொன்றாகவே நின்றது. மிச்சம் ஆளுக்கு ஒரு லைன்பேக்கர். கிரெய்க்கின் ஆள் அடிபட்டுக் கிடந்ததால் அந்த இடம் காலி. அவன் சோஃபாவில் அமர்ந்து, பாலாடைக்கட்டித் துண்டு ஒன்றைப் பல்லில் கீச்சிடவிட்டு, அறம் பேசினான்.

"சகலை, உன் ஆளு இன்னிக்கு ஆட மாட்டான். அவனுக்குப் பதிலா வெஸ் பிங்கம்னு ஒரு புதுப்பையன் இறங்குவான். யாரும் எடுக்கல, சும்மா கிடக்கான். இன்னும் பத்து நிமிஷம் இருக்கு, போன்ல மாத்திக்கோ. உனக்குத்தான் முதல் உரிமை. நான் சொல்லலேன்னு அப்புறம் சொல்லாதே."

அடுக்களை வாசலில் மர்லீன் நின்றாள். அவள் கையில் துணி இருந்தது. துடைப்பதை நிறுத்தியிருந்தாள்.

"மாத்திடு, லைல்" என்றாள்.

ஆண்டவன் மனிதனுக்குக் கதவைத் திறந்துவிட்டு, விளக்கைப் போட்டு, மிதியடியும் போட்டு வைக்கும் நேரம் ஒன்று உண்டு. லைலுக்கு அது அந்தப் பத்து நிமிடம். ஒரு விரல் போனின் கண்ணாடியை இரண்டு முறை தொட்டால் போதும். ஆனால் அந்த விரலை உடையவன் நூற்றுத்தொண்ணூறு பக்கம் எழுதியவன். எவனும் எடுக்காத ஒரு பையனை, கேட்பாரற்றுக் கிடப்பவனை, டில்மன் இருந்த இடத்தில் வைப்பதா? வைத்து அவன் சாய்த்தும் விட்டால் அந்தப் பக்கங்கள் என்னாவது? இதோ, என் சினம் பொங்குகிறது. ஒரு பெண்ணின் பதினெட்டு வருடக் கனவு தராசின் ஒரு தட்டில், ஒரு நோட்டுப் புத்தகம் மறுதட்டில், நோட்டுப் புத்தகம் கனத்தது.

"முதல் தேர்வை உட்கார வைக்கிற வழக்கம் எனக்குக் கிடையாது" என்று பிரகடனம் செய்தான் லைல்.

"அப்ப நான் எடுத்துக்கிறேன்" என்றான் கிரெய்க். எடுத்துக்கொண்டான்.

நாணயம் சுண்டும் சடங்குக்கு இரு அணித் தலைவர்களும் மைதானத்தின் நடுவே வந்தார்கள். டில்மனும் வந்தான், சீருடையில், முழு உருவத்துடன். லைல் சோஃபாவிலிருந்து எழுந்து நின்றான், கை தட்டினான், அவன் வாயிலிருந்து புறப்பட்ட ஒலியில் ஜன்னல் அதிர்ந்தது. நாணயம் விழுந்தது. டில்மன் எதிரணித் தலைவனுக்குக் கை கொடுத்து, ஓரத்துக்கு நடந்து, கம்பளித் தொப்பி ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டு, பெஞ்சில் அமர்ந்து, சூரியகாந்தி விதை கொறிக்கலானான்.

களத்தில் அவன் நிற்க வேண்டிய இடத்தில் நின்றது ஒரு மெலிந்த பையன். முதல் ஓட்டத்திலேயே ஒருவனைச் சாய்த்தான். கிரெய்க்குக்கு இரண்டு.

"முதல் பாதிக்குத்தான் இது. இடைவேளைக்கு அப்புறம் டில்மன் வருவான்" என்றான் லைல்.

பிங்கம் மறுபடி சாய்த்தான். மறுபடியும். அவன் சாய்ப்பில் அழகில்லை, கம்பீரமில்லை. ஓடி வந்தவன் காலில் விழுந்தான், அவ்வளவே. ஆனால் விழுந்ததெல்லாம் எண்ணிக்கையில் சேர்ந்தது. இடைவேளையில் ஆறு. இடைவேளைக்குப் பிறகு டில்மன் வந்தான், பெஞ்சின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு. ஏழு. எட்டு. லைல் குல்லாயைக் காதுவரை இழுத்துவிட்டான். அவனுக்கு வேண்டியது ஒரே ஒரு சாய்ப்பு. ஒரு காலை ஒருமுறை பிடித்தால் போதும். கிரெய்க் பதினொன்று எடுத்தாலும் லைல் ஒரு புள்ளி மேலே நிற்பான். ஒன்பது வருடம் ஓயாமல் சாய்த்த அந்தக் கைகள் விதைத்தோலை ஒரு காகிதக் குவளையில் நிதானமாய்த் துப்பின. இல்லை, துப்பியது வாய், கைகள் குவளையைப் பிடித்திருந்தன.

பத்தாவது வந்தபோது இன்னும் நான்கு நிமிடம் மிச்சம். இருபது புள்ளி. லைலுக்கு ஒன்று முன்னிலை. எதிரணி பந்தைக் காற்றில் எறியத் தொடங்கிற்று. எறிந்தவை எல்லாம் தரையில் விழுந்தன. எவனும் ஓடவில்லை, எனவே சாய்க்க எவனுமில்லை. லைலின் முகத்தில் ரத்தம் திரும்பியது. மர்லீன் உள்ளே வந்து நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் வாழ்நாளில் இந்த ஆட்டத்தை இத்தனை நேரம் பார்த்ததில்லை.

ஒரு நிமிடம் இருந்தது. எதிரணிக்குத் தோல்வி உறுதியாகிவிட்டது. இனி எறிந்து பயனில்லை என்று கண்டு, சீக்கிரம் முடித்து விமானம் ஏறலாம் என்று, அவர்கள் பந்தை ஓர் ஓட்டக்காரனிடம் சும்மா கொடுத்தார்கள். அவனும் சும்மா ஓடினான். பிங்கமும் சும்மா வந்து அவன்மேல் விழுந்தான்.

பதினொன்று.

"ஒரு புள்ளி, சகலை" என்றான் கிரெய்க். அவன்கூடச் சிரிக்கவில்லை.

அப்போது, ஏரி உறைந்து கிடக்க, வானம் சாம்பல் பூத்துக் கிடக்க, பதினோர் ஆண்டும் வளைந்து பன்னிரண்டாம் ஆண்டும் வளைந்த அந்த வீரத்தோள் சோஃபாவில் புதைய, எவனும் எடுக்குமுன் எடு என்ற மந்திரம் எவனும் எடுக்காதவனால் உடைபட, தன் கொள்கை தோற்றதா தன் பிடிவாதம் தோற்றதா என்று அந்நிலையிலும் ஆராய்ச்சி செய்யத் துணிந்து, "ஆனா டில்மன் ஆடியிருந்தா…" என்று தொடங்கிய குல்லாய்த் தலைவனை, விதைகொறித்தவனை நம்பி மகள் விருந்தை வைத்தாடிய மாவீரனை, ஒரு பார்வையும் பாராமல், கைத்துணியை நான்காய் மடித்து மேசைமேல் வைத்துவிட்டு, போனை எடுத்துத் தன் அக்காளைக் கூப்பிட்டாள் மர்லீன்.

ஆட்ரியின் விருந்து சூன் மாதம் கிரெய்க் வீட்டில் நடந்தது.